பட்டு இழை சிக்காத கிட்டார்

அக்கா அந்தப் பேச்சை எடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், அக்கா இருந்தாள். அப்பா இல்லை. சர்ச் முடிந்து ஊர் திரும்புகிற கூட்டத்தை விடக்கூடாது என்று ஷேர் ஆட்டோவோடு தாமல் ரோட்டில் இருந்தார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அக்கா ஆரம்பித்தாள் என்று பிறகு தோன்றியது. அம்மா மறுப்பாள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு மறுப்பாள். அப்பா கேட்பதற்கு முன்பே சிரித்துவிடுவார்.

“எனக்கு ஒரு கிட்டார் வோணும். கரண்ட்டு கிட்டார்.”

அம்மா தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“கையில வெச்சிக்கினு வாசிக்கிறதுக்கு எதுக்குடி கரண்ட்டு? ஷாக் அடிச்சா?”

“அடிக்காதுமா. சர்ச்சுல வாசிக்கிறாங்களே, யாருக்குனா அடிச்சிருக்குதா?”

“அவங்கல்லாம் ஷூ போட்டுக்கினு வாசிக்கிறாங்க. நீ வெறுங்கால்ல குந்திக்கினு இருப்பே.”

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பிள்ளையார்பாளையத்தில் ஆறு தறி வைத்திருக்கும் ஒரு வீட்டில் கூலிக்குப் பட்டு நெய்கிறாள். ஒன்பதாவது வரை படித்தாள். நான் ஆறாவது சேர்ந்த வருடம் அவள் தறிக்குப் போனாள். இதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்காட்டியதில்லை, அவளும் சொன்னதில்லை. நான் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வீட்டுக்கு எது வாங்கினாலும் படித்துப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. மிக்ஸி, பிரிட்ஜ், ஆட்டோ இன்சூரன்ஸ், அம்மாவின் கண்ணாடி எல்லாம் என் கை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன.

அக்கா சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். ஈஸ்டருக்குச் சென்னையிலிருந்து வந்து வாசித்த ஒரு பெண், ஆராதனை முடிந்ததும் தன் கிட்டாரை அக்காவின் கையில் கொடுத்திருக்கிறாள். அக்கா ஒரு கம்பியைத் தட்டியிருக்கிறாள். “கை இங்க இருக்குது, சத்தம் அந்தாண்ட மூலையில இருக்கிற பொட்டில வருதுடா. ஒரு நிமிசம் எனக்கு யாரோ பதில் சொல்ற மாதிரி இருந்தது” என்றாள். இப்போது பாஸ்டரம்மா ஏற்பாட்டில் ஒரு மாஸ்டர் ஞாயிறுதோறும் மத்தியானம் வந்து சர்ச் ஹாலில் கிட்டார் சொல்லித்தரப் போகிறார். பணம் இல்லை. கிட்டார் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. அதையும் அக்காவே சொன்னாள். கிட்டார் பழகினால் இடது கை விரல் நுனிகளில் தோல் உரியும், பிறகு காய்த்துப்போகும். பட்டு நெய்கிறவளுக்கு விரல் நுனிதான் சம்பளம். தோல் கொஞ்சம் சொரசொரத்தாலும் இழை அதில் பிடித்துக்கொண்டு வரும். புடவையில் இழுப்பு விழும். தறி வைத்திருக்கும் முதலாளியம்மாவிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறாள். அந்த அம்மா, “ஆசைப்படறே, பழகிக்கோ. ஆனா விரல்ல சொரசொரப்போட என் தறியில குந்தாதேம்மா. இழுப்பு விழுந்தா கூலியில புடிப்பேன். ரெண்டாவது தடவை விழுந்தா வேற ஆளத்தான் பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டார்.

“அப்ப ரெண்டுல ஒண்ணுதான்” என்றாள் அம்மா.

“இல்லமா. கணக்கு போட்டு வெச்சிருக்கேன். இப்ப ஓடறது கடைசிப் புடவை. பத்து நாள்ல பாவு முடிஞ்சிடும். ஆடியில கல்யாணம் இல்லியே, அடுத்த பாவு வர பதினஞ்சு நாளு ஆவும்னு சொல்லிட்டாங்க. தறி காலியா இருக்கற அந்தப் பதினஞ்சு நாள்ல தெனம் வாசிச்சா தோலு உரிஞ்சி, காஞ்சி, வழவழன்னு ஆயிடுமாம். மாஸ்டர் சொன்னாரு. மர கிட்டார்ல கம்பி தடி, ரொம்பக் கிழிக்கும். கரண்ட்டு கிட்டார்ல மெல்லிசு. அதான் கேக்கறேன்.”

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், ஒரு பாவில் மூன்று புடவை வரும். எங்கள் வீட்டில் யாரும் ஒரு பொருளை இவ்வளவு யோசித்துக் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. “ஒரு வாரம் குடுக்கா. எது நல்லதுன்னு பார்த்து நானே வாங்கித் தரேன்” என்றேன்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் அப்பா வந்தார். எதிர்பார்த்தபடியே சிரித்தார்.

“கரண்ட்டு கிட்டாரா? எத்தினி யூனிட்டு இழுக்கும்? நூறு யூனிட்டுக்கு மேல போச்சுன்னா நீதான் பில்லு கட்டணும், சொல்லிட்டேன்.”

நான் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பட்டைதான் பிக்கப், அதுதான் சத்தத்தை எடுத்துப் பெட்டிக்கு அனுப்புகிறது என்று விளக்கினேன்.

“நம்ம ஆட்டோக்கே பிக்கப் இல்லப்பா. பாலம் ஏறச்சொல்லோ சவாரிய எறங்கித் தள்ளச் சொல்றேன். இதுல மூணு வெச்சிருக்கான்?” என்றார். பிறகு வீடியோ முடியும் வரை செல்போனைத் திருப்பித் தரவில்லை.

நான் என் வேலை இடத்துப் பழக்கப்படி லேப்டாப்பில் ஓர் அட்டவணை திறந்தேன். கம்பெனியில் ஒரு பாகம் வந்தால் அதைப் பன்னிரண்டு இடத்தில் அளந்து எழுதுவோம். கிட்டாருக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டேன். தேடத் தேட, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான எலெக்ட்ரிக் கிட்டார்கள் மூன்று வரிசையாகப் பிரிந்து நின்றன. ஏழாயிரம் எட்டாயிரத்தில் ஒரு வரிசை. அதில் கிட்டாரோடு சின்ன ஆம்ப் பெட்டி, பை, தோள்வார், ஒயர் என்று சகலமும் ஒரே அட்டைப்பெட்டியில் வரும். பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி இரண்டாவது வரிசை, கிட்டார் மட்டும். பதினெட்டாயிரத்துக்கு மேல் மூன்றாவது. உலகம் முழுக்கப் பேர் தெரிந்த கம்பெனிகள் தங்கள் பெரிய கிட்டார்களின் உருவத்திலேயே செய்து விற்கும் மலிவு வகை அது.

முதல் வரிசையைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் கும்பிட்டார்கள், பாதிப் பேர் சாபம் விட்டார்கள். ஒருவர், “என் மகளுக்கு வாங்கினேன், ஒரு வருடமாக நன்றாக இருக்கிறது” என்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர், “சுருதி பத்து நிமிடம் நிற்கவில்லை, சனியன்” என்கிறார். இரண்டாவது வரிசையில் சுருதி நிற்கும், ஆனால் ஆம்ப் பெட்டி தனியாக வாங்க வேண்டும். மூன்றாவது வரிசையைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும், பின்னால் விற்றாலும் விலை போகும் என்றார்கள். வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதற்கும் ஒரு கட்டம் போட்டேன்.

ஒரு வாரம் ஆயிற்று. அட்டவணையில் பதினாறு கிட்டார்கள் இருந்தன.

“முடிஞ்சிதாடா?” என்றாள் அக்கா.

“பிக்கப்ல ஒரு சந்தேகம். ஒத்தையா, ரெட்டையான்னு.”

“எனக்கு முந்தி ஆரம்பிச்சாச்சு” என்றாள். புடவையின் கடைசிப் பகுதி முந்தி. அது முடிந்தால் புடவை முடிந்தது.

ஒற்றைப் பிக்கப் தெளிவாகக் கேட்கும், கொஞ்சம் இரையும். இரட்டை இரையாது, சத்தம் கனமாக வரும். இதில் பாட்டுக்கு எது பொருந்தும் என்று ஹிந்தியில் ஒருவரும் ஆங்கிலத்தில் இருவரும் பேசியதை நான்கு நாள் கேட்டேன். அக்கா முந்தியை முடித்துப் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் சொன்ன பதினைந்து நாள் ஓட ஆரம்பித்தது. முதல் ஞாயிறு வகுப்பும் வந்துவிட்டது. அக்கா பட்டுப்புடவை அட்டைப்பெட்டியின் மூடி ஒன்றை எடுத்து, அதில் ஸ்கேல் வைத்து ஆறு கோடு நீளமாகவும் குறுக்கே பன்னிரண்டு கோடும் போட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எல்லாரும் கம்பியை அழுத்தும்போது அவள் கோட்டை அழுத்தியிருக்கிறாள்.

“யாரும் சிரிக்கலியா?” என்றேன்.

“மாஸ்டர் வந்து என் அட்டையத்தான் மொதல்ல பார்த்தாரு. வெரலு எல்லாம் சரியா விழுதேன்னாரு. சத்தந்தான் வரல.”

இதைக் கேட்ட பிறகாவது நான் அன்றே வாங்கியிருக்க வேண்டும். அதற்குள் எனக்கு வேறொரு யோசனை பிடித்துக்கொண்டது. அது ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடி என்றால் தள்ளுபடி. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். புடவைக்குத் தள்ளுபடி, பாத்திரத்துக்குத் தள்ளுபடி, கட்டிலுக்குத் தள்ளுபடி, ஒரு வருடம் பல் டாக்டர்கூடத் தள்ளுபடி என்று பேனர் கட்டினார். ஆகவே கிட்டாருக்கும் ஆடியின் நடுவில் விலை இறங்கும், பன்னிரண்டாயிரத்து வரிசை ஒன்பதுக்கு வரும், அப்போது அக்காவுக்கு ஒரு படி மேலானதாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அட்டவணையில் விலைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஆடி விலை’ என்று காலியாக ஒரு கட்டம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தினமும் காலையில் விலையைப் பார்ப்பேன். அது அசையாது.

ஐந்தாம் நாள் போயிற்று, எட்டாம் நாள் போயிற்று. அக்கா எதுவும் கேட்கவில்லை. அம்மாதான் பொறுக்க முடியாமல் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா, பொண்ணு பார்க்கறவன்கூட இத்தினி போட்டோ பார்க்க மாட்டான். அவ காலியா குந்திக்கினு இருக்கிற நாளு இது. அது போனா திரும்ப வருமா?”

“மா, அக்காவுக்கு நல்லதா வாங்கித் தரணும்னுதான்.”

“நல்லது வரதுக்குள்ள பாவு வந்துடும்.”

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குக் குறைந்த விலையில் எதையும் கொடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில், அவள் கேட்ட ஒரே பொருளான நாட்களைச் செலவு செய்துகொண்டிருந்தேன். கம்பெனிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலை அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்தில் பன்னிரண்டாம் நாள் அது.

மாடியில் இருந்தது கடை. சுவர் முழுக்கக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கடையில் இருந்த இளைஞன், “அக்கா, செப்பல் போட்டுக்கலாம்” என்றான். அவள் பரவாயில்லை என்றாள். நான் அட்டவணையின் நகலை விரித்து, எடுத்தவுடனே கேட்டேன்.

“ஆடி ஆஃபர் எப்ப ஸ்டார்ட் பண்றீங்க?”

“எதுக்கு ப்ரோ?”

“கிட்டாருக்கு.”

அவன் என் முகத்தைப் பார்த்து நான் விளையாடவில்லை என்று உறுதி செய்துகொண்டான். “கிட்டாருக்கு ஏது ப்ரோ ஆடி? ஆடில யாருனா கிட்டார் வாங்கக் கூடாதுன்னு இருக்குதா என்ன? எங்க ஊர்க்காரங்களாட்டம் தெரியலியே. எங்கேர்ந்து வர்றீங்க?”

“காஞ்சிபுரம்.”

“அதானே பார்த்தேன். எல்லாத்தையும் பொடவையாவே நெனச்சிட்டீங்களா?”

அக்கா சத்தமாகச் சிரித்தாள். பன்னிரண்டு நாளாக நான் பார்க்காத சிரிப்பு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அவன் மூன்று வரிசையிலிருந்தும் இரண்டிரண்டு எடுத்து ஒரு மேசைமேல் வைத்தான். நான் சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தேன். “ப்ரோ, கார்பெண்டரா?” என்றான். நான் அளவை எழுதிக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் இருந்த சிவப்புக் கிட்டாரில் இடைவெளி கச்சிதமாக இருந்தது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு. தவணையில் வாங்கிவிடலாம் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அக்கா அதுவரை எதையும் தொடவில்லை. பர்ஸைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். அதற்குள் அரக்கு நிறத்தில் பட்டு இழை, ஒரு முழம் இருக்கும். புடவையை அறுத்தபோது கழிவில் விழுந்தது. அதை இரண்டு கைக்கும் நடுவே தொங்கவிட்டுக்கொண்டு, முதல் கிட்டாரின் கழுத்து ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்ல இழுத்துக்கொண்டு போனாள்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருபது இருபத்திரண்டு கம்பிக் கட்டைகள் பதிந்திருக்கும். அவற்றின் முனைகள் இரண்டு ஓரத்திலும் வந்து முடியும். சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தால் அந்த முனைகள் கண்ணுக்குத் தெரியாமல் துருத்திக்கொண்டு நிற்கும். கை மேலும் கீழும் போகும்போது அதுதான் தோலைக் கீறும். இது எந்த வீடியோவிலும் எனக்குக் கண்ணில் படவில்லை. என் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இதற்கு இடம் இல்லை.

முதல் கிட்டாரில் இழை ஏழு இடத்தில் சிக்கியது. அக்கா அதைத் தள்ளி வைத்தாள். இரண்டாவது வரிசையில் ஒன்று மூன்று இடத்தில் சிக்கியது, இன்னொன்று ஐந்து இடத்தில். நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்ட சிவப்புக் கிட்டாரிலும் இரண்டு இடத்தில் இழை நின்றது. அவள் அந்த இடத்தைக் கடைக்காரனிடம் காட்டினாள். அவன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆமாக்கா. ஏசில கழுத்து மரம் சுருங்கும், அப்ப இப்பிடித் துருத்தும்” என்றான். ப்ரோ என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் அக்காவிடம் மட்டும்தான் பேசினான்.

“இதே மாடல்ல வேற பீஸ் இருக்குதாப்பா?” என்றாள் அக்கா.

“மாடல் ஒண்ணுதானேக்கா, எல்லாம் அப்பிடித்தான் இருக்கும்.”

“ஒரே பாவுல நெய்யற மூணு பொடவையே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுப்பா. நீ எடு, பார்ப்போம்.”

அவன் எடுத்தான். ஒரு மணி நேரம் எடுத்தான். கிடங்கிலிருந்து மூன்று வரிசையும் பெட்டி பெட்டியாக வந்தது. கடையில் வேறு வாங்க வந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிட்டாருக்கும் “சிக்குச்சா? சிக்குச்சா?” என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இழை ஒரே ஓட்டமாக ஓடிய கிட்டார் முதல் வரிசையில் இருந்து வந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு, ஆம்ப் பெட்டி உள்பட. பழுத்த பலாச்சுளை நிறம். யாரும் கேட்காமல் கிடங்கில் அடியில் கிடந்திருக்கிறது. அக்கா அதில் இழையை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். இரண்டு ஓரத்திலும் எங்கேயும் நிற்கவில்லை.

“இதான்.”

“கலர் பரவாயில்லியாக்கா?” என்றேன். “செவப்பு வோணும்னு சொன்னியே.”

“செவப்பு எங்கடா சொன்னேன்? நீயா எழுதிக்கினே.”

உண்மைதான். அட்டவணையில் ‘நிறம்: சிவப்பு’ என்று நானாகத்தான் போட்டிருந்தேன். அக்காவுக்குச் சிவப்பு பிடிக்கும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவள் எனக்கு வாங்கித் தந்த முதல் பள்ளிக்கூடப் பை சிவப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கிட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒயர் மாட்டாமல் அக்கா ஒரு கம்பியைத் தட்டினாள். கொசு பறப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. “இவ்ளோதானா? இதுக்கா மெட்ராசு போனீங்க?” என்றார். பெட்டியை மாட்டி மறுபடி தட்டியதும் எவர்சில்வர் தட்டு ஒன்று அலமாரியில் அதிர்ந்தது. அப்பா ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். “யம்மாடி, காளை மாடாட்டம் கத்துது” என்றார். அதற்கப்புறம் அக்கா பெரும்பாலும் ஒயர் மாட்டாமலேயே பழகினாள். அப்பா மத்தியானம் தூங்குகிற எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு அந்தக் கொசுச் சத்தம் எவ்வளவு பெரிய வசதி என்று அட்டவணையில் எழுத எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மூன்று நாள் விடாமல் வாசித்தாள். நான்காம் நாள் பாவு வந்துவிட்டது. நாலைந்து நாள் தள்ளிப்போகும் என்று நான் வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை. ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு யாரோ அவசரமாகக் கேட்டார்களாம். புதுப் பாவைப் பழைய பாவின் முனையோடு இழை இழையாகப் பிணைத்து முடிக்க இரண்டு நாள். அடுத்த நாள் அக்கா தறியில் உட்கார்ந்தாள். சரியாக அப்போதுதான் விரல் உரிய ஆரம்பித்தது.

அதற்கடுத்த மூன்று வாரம் அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலையில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பாள். அம்மா கால் தேய்க்கும் கல்லை எடுத்து விரல் நுனியில் பூப்போல உரசுவாள். பிறகு அந்த அரக்கு இழையை ஒவ்வொரு விரலின் மேலும் இழுத்துப் பார்ப்பாள். சிக்கினால் மறுபடி கல். ஓடினால்தான் வேலைக்குக் கிளம்புவாள். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடுவதை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். இடது கை, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவதோடு சரி. இரண்டு கையின் வேலையை ஒரு கை செய்ததால் புடவை மெதுவாக ஏறியது. சாயங்காலம் வந்து, நெய்த அளவைக் கேட்டால் சொல்ல மாட்டாள். கிட்டாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“கொஞ்ச நாளு வாசிக்காம விட்டுடேன்க்கா. பாவு முடிஞ்சதும் வெச்சிக்கலாம்” என்றேன் ஒருநாள்.

“விட்டா திரும்ப மொதல்லேர்ந்து உரியும்டா. பாதியில விட்டாதான் ஆபத்து. நட்டாத்துல நின்னுக்கினு எந்தப் பக்கம் போறது?”

அவளை நட்டாற்றில் நிறுத்தியது நான்.

இழுப்பு விழுந்தது. புடவையின் உடலில், முந்திக்கு ஒரு முழம் கீழே, ஒரு விரற்கடை நீளத்துக்கு. நடுவிரலின் ஓரத்தில் காலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செதில். அக்கா மறைக்கவில்லை. அறுத்த புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போய், முதலாளியம்மாவுக்கு அந்த இடத்தை அவளே விரித்துக் காட்டியிருக்கிறாள். அவர் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சொன்னது சொன்னபடி கூலியில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. “இன்னொண்ணு விழுந்தா தெரியும்ல?” என்று மட்டும் கேட்டாராம்.

அக்கா வந்து இதைச் சொன்ன சாயங்காலம் நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

அடுத்த புடவை பாதி ஏறியிருந்த ஒரு சனிக்கிழமை, அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போனேன். முதலாளியம்மா தறிக்குழியின் ஓரத்தில் நின்று நெய்த வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து, “கைய நீட்டு” என்றார். அக்கா இடது கையை நீட்டினாள். அவர் பக்கத்தில் கிடந்த இழை ஒன்றை எடுத்து நான்கு விரல் நுனியிலும் மாறி மாறி இழுத்தார். இழை எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. விரல் நுனிகள் காய்த்து, தோலுக்கு மேல் மெழுகு பூசியதுபோல் பளபளவென்று இருந்தன.

“உன் வலது கையக் காட்டு” என்றார். அதிலும் இழுத்துப் பார்த்தார். ஆட்காட்டி விரலில் இலேசாக நின்றது.

“இந்தக் கைக்கும் எதுனா வாசிக்கக் கத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த தறிக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, சோற்றுத் தூக்கை வாங்க நீட்டிய கையால் என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். அன்று மாலை பெட்டியை மாட்டி, முழுச் சத்தத்தில், வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு பாட்டின் முதல் இரண்டு அடியைத் தப்பில்லாமல் வாசித்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். மூன்றாவது அடியில் தடுக்கியது. அம்மா அதையும் சேர்த்துத்தான் நன்றாயிருக்கிறது என்றாள்.

அப்பா இப்போது சவாரியில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். முந்தாநாள் வந்ததும் வராததுமாக, “ஏம்மா, கூரத்துலேர்ந்து ஒரு வாத்தியாரு ஏறினாரு. அவரு பொண்ணுக்கும் வோணுமாம். உனுக்கு மொத்தமா எவ்ளோ ஆச்சுன்னு கேட்டாரு. ஏழாயிரத்து ஐந்நூறுன்னு சொல்லிட்டேன், சரிதானே?” என்றார்.

“இல்லப்பா” என்றாள் அக்கா. “மெட்ராசு போயி வந்தது, அங்க சாப்பிட்டது நானூத்தி முப்பது. மெல்லிசு கம்பி ஒண்ணு அறுந்துச்சி, அது நூறு. கூலியில புடிச்சது ரெண்டாயிரம்.”

“அந்த ரெண்டாயிரத்த இதுல சேர்க்காதேக்கா” என்றேன். “அது என்னாலதான். சம்பளம் வந்ததும் நான் தரேன்.”

“நீ ஒண்ணும் தர வோணாம். கிட்டார் வாங்கினதுலதான் அது போச்சு, கிட்டார் வெலதான் அது. அந்த வாத்தியாருக்கு மறைக்காம சொல்லுப்பா, பத்தாயிரத்து முப்பது ரூபா.”